முதலில் மாடு பார்க்கட்டும்

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள் என்று மகள் போன் போட்டதும் என் மனைவி முறுக்குக்கு அரிசி ஊறப்போடுவாள். நான் கட்டுத்தரைக்குப் போவேன். புதிதாகக் கன்று போட்ட மாட்டைப் பிள்ளைகள் நடக்கும் வழியை விட்டுக் கோடியில் மாற்றிக் கட்ட வேண்டும். ஈன்ற புதிதில் காங்கயம் மாடு என்னையே யோசித்துத்தான் கிட்ட விடும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூச்சிக்காளைக்குக் கயிறு நைந்திருக்கிறதா என்று பார்த்து வைப்பேன். விருந்தாளி வருவதற்கு மாடுகளையும் தயார் செய்யத்தானே வேண்டும்?

காரை விட்டு இறங்கியதும் வாழைப்பழத்தோடு ஓடுவார்கள். அங்கேதான் நிறுத்துவேன். "மொதல்ல மாடு உங்களப் பாக்கட்டும் சாமி." மாட்டுக்குக் கண் பக்கவாட்டில். சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும்; நேர் பின்னால் மட்டும் தெரியாது. தெரியாத இடத்தில் சத்தம் கேட்டால் உதைக்கும். அதனால் பக்கவாட்டில், பேச்சுக் கொடுத்துக்கொண்டே போய், கையைத் தாழ்த்தி நீட்டி நிற்க வேண்டும். மாடு மோந்து பார்க்கும், மூச்சு விடும். பிடித்திருந்தால் நாக்கைப் போடும். கன்றைப் பழக்குவதும் இப்படித்தான்: நாம் துரத்தக் கூடாது, அது வர வேண்டும். போன லீவில் சின்னவன் வெகுநேரம் அசையாமல் நின்றான். வீட்டில் அப்படி நின்று பார்த்ததில்லை என்றாள் மகள்.

அவனுக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஒரு கிடாரியின் உதட்டை விலக்கிக் காட்டினேன். மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது, கீழே எட்டு. அதுவும் பால்பல் விழுந்துதான் முளைக்கும். இரண்டு, இரண்டரை வயதில் இரண்டு பல், பிறகு நாலு, ஆறு, எட்டு. ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் சேர்ந்துவிடும். சந்தையில் வயதுச் சான்றிதழ் இதுதான். "அப்ப நான் இன்னும் பல்லே போடலீங்களா அப்புச்சி?" என்றான். அன்று முழுக்க எல்லா மாட்டு வாயும் அவன் கணக்கில்.

நிறம் மாறுவதுதான் அவர்களுக்குப் பெரிய வித்தை. காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதம் போல ஆனால் சாம்பலுக்குத் திரும்பும். பொங்கலுக்குப் பார்த்த சிவப்புக் கன்றைக் காலாண்டு லீவில் காட்டினால் அது வேறு கன்று என்று சாதிப்பார்கள். காளை வளர வளரத் திமில், கழுத்து, தொடையெல்லாம் கருக்கும்; காயடித்தால் வெளுக்கும். காயடிப்பது என்றால் என்ன என்ற கேள்வியை மட்டும் அவர்கள் அம்மாவிடம் அனுப்பிவிட்டேன்.

எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுக்கு வெயில் ஏறுவதற்குள் கூட்டிப்போவேன். கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். பார்வைக்குத் தரிசு. கோடையில் புல் காய்ந்த பிறகும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். பக்கத்துக் காட்டில் புல் இருக்க இங்கே ஏன் மேய்க்கிறீர்கள் என்றாள் பெரியவள். மாற்றி மாற்றி அடைத்தால்தான் புல் தழைக்கும். ஆசைக்குத் திறந்துவிட்டால் மறுவருஷம் மண்தான். உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியிலேயே நடந்து, கிளம்பும் பூச்சியைக் கொத்துவதை அவளாகவே கண்டுபிடித்தாள். நான் சொல்லித் தந்திருந்தால் மறந்திருப்பாள்.

கறக்கும்போது கன்றை முதலில் ஊட்ட விட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் மாடு பாலை இறக்காது. இரண்டு காம்பு கன்றுக்கு, இரண்டு நமக்கு. நேரத்துக்கு ஒரு லிட்டர், மிஞ்சினால் ஒன்றரை. கலப்பின மாடு வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தால் பலம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. நான் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. மாட்டிடமிருந்து மனிதனுக்கு வரும் காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம். காய்ச்சித்தான். சாணி வழித்த கைக்கும் சோப்பு உண்டு.

இந்த முறை பெரியவள் போன வருஷத்துக் காளைக்கன்றைத் தேடினாள். மேயப் போயிருக்கிறது என்று சொல்லும்படி மகள் கண்ணைக் காட்டினாள். "பழையகோட்டைச் சந்தையில வித்தாச்சு சாமி" என்றேன். ஏர் போய் டிராக்டர் வந்தபின் காளைக்கன்று எல்லாவற்றையும் வைத்துத் தீனி போட முடியாது. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டுமாடு தேடி வருகிறவர்கள் உண்டு என்றாலும் விற்றுத்தான் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்க வேண்டும். இதை மறைத்து மாடு காட்டுவதென்றால் மிருகக்காட்சிசாலைக்கே கூட்டிப்போகலாமே?

மத்தியானம் வரை அவள் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் வந்து என்ன விலைக்குப் போனது என்றாள். தோள் துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டு, அடியில் தரகர் விரல் பிடித்து விலை பேசும் விதத்தைக் காட்டினேன். எத்தனை விரல் என்று எண்ணிப் பார்த்தாள். "கொறச்சலாக் குடுத்துட்டீங்க அப்புச்சி" என்றாள். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அவளும் வருவதாகப் பேச்சு. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.