நார்மல்தானே டாக்டர்?

வேடசந்தூர் பக்கம் ஓபி பாக்குற எந்த டாக்டரும் தினமும் அதிகமா கேக்குற ஆங்கில வார்த்தை "நார்மல்"தான். சுகர் நார்மலா, பிரஷர் நார்மலா, டெலிவரி நார்மலா. அது ஆங்கிலம்னே யாரும் நினைக்கிறதில்ல.

லத்தீன்ல "நார்மா"ன்னா மூலைமட்டம். சுவர் மூலை சரியா இருக்கான்னு நம்ம கொத்தனார் வச்சுப் பாப்பாரே, அதே சாமான். கணக்குல செங்கோடுன்னு படிச்சோமே, அதுக்கு இன்னைக்கும் ஆங்கிலத்துல நார்மல்னுதான் பேர். "வழக்கமா இருக்குறது"ங்கிற அர்த்தம் பரவுனது 19-ஆம் நூற்றாண்டுலதான்.

ஆக, இப்படி இருக்கணும்ங்கிறதும் நார்மல், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குங்கிறதும் நார்மல். கொத்தனாருக்கு இதுல குழப்பமே இல்ல. தெருவுல எல்லாச் சுவரும் கோணலா நின்னாலும் அவர் மூலைமட்டத்தை வளைக்க மாட்டார். உடம்புன்னு வந்தா நாம வளைச்சிடுறோம்.

நம்ம ஊரைச் சுத்தி நூல் மில்லுங்க. ஷிப்ட் முடிச்சு வர்ற பொண்ணுங்களுக்கு படி ஏறினா மூச்சு வாங்குது. ரத்தம் பாத்தா ஹீமோகுளோபின் 8. "ரூம்ல எல்லாருக்குமே இப்படித்தான் டாக்டர், நார்மல்தானே?"

ஒரு அர்த்தத்துல அவங்க சொல்றது உண்மை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல இருக்குன்னா அதுதானே வழக்கம்! ஆனா உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்குற மூலைமட்டம், கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு 12.

மாதவிலக்குல எவ்வளவு போகுதுன்னு கேட்டா, கூட வந்த அம்மா முந்திக்கிட்டு பதில் சொல்லுவாங்க: "எனக்கும் அப்படித்தான் சார் போச்சு, பரம்பரை." ஏழு நாளைக்கு மேல நீடிச்சா, மணிக்கு ஒரு நாப்கின் நனைஞ்சா, கட்டி கட்டியா போனா, அது பரம்பரை பரம்பரையா யாரும் பாக்காம விட்ட நோயா இருக்கலாம். வந்து காட்டுங்க.

பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா கிடைக்கும். மில்லுல டீ பிரேக்ல டீயோட சேத்துப் போட்டுடாதீங்க, சத்து உடம்புல ஒட்டாது. மலம் கருப்பா போகும், அதுக்குப் பயந்து நிறுத்திடாதீங்க. 12 வந்ததும் நிறுத்தக் கூடாது. உடம்புல இருப்பு நிரம்ப இன்னும் மூணு மாசம் போடணும்.