பின்னால் வருபவருக்கு எழுதுங்கள்

விக்ரோலி ஸ்டேஷனில் கூட்டத்தோடு இறங்கி, தோளில் லேப்டாப் பையுடன் வேலைக்கு விரையும் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுதும் ஒவ்வொரு கிளாஸுக்கும் மெத்தடுக்கும் உரிய விளக்கத்தை அன்றைக்கே எழுதிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிய விளக்கம் எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை.

1999இல் பழைய கோபோல் நிரல்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த காலத்து நிரல்கள் அவை. ஒன்றில், ஆண்டு 99 என்றிருந்தால் அந்தக் கணக்கை முடிக்காமல் விட்டுவிடும்படி இருந்தது. பிழை என்று அதை நீக்கப் போனார் ஓர் இளைஞர். மேலே, ஏழாவது கட்டத்தில் நட்சத்திரக் குறியோடு ஒரு வரி: முடிவுத் தேதி இல்லாத கணக்குக்கு 99 போடுகிறோம். எழுதியவர் ஓய்வுபெற்று எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த வரி தனித்தாளில் இருந்திருந்தால் எங்கள் கைக்கு வந்திருக்காது. பழைய தாள்களைப் பேணுவதற்கென்றே 2006இல் நம் விக்ரோலியில் கோத்ரெஜ் ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். நிரலின் தாள்களை அப்படி யார் காப்பார்கள்? விளக்கம் நிரலுக்குள்ளேயே இருப்பதுதான் காப்பு. 1996இல் ஜாவாவோடு கூடவே வந்த ஜாவாடாக் அதற்குத்தான். சாய்கோடும் இரண்டு நட்சத்திரமுமாகத் தொடங்கும் குறிப்பை எடுத்து ஹெச்டிஎம்எல் பக்கமாக்கித் தருகிறது. முதல் வாக்கியம் மட்டும் சுருக்கப் பட்டியலுக்குப் போகும். பலர் அதற்கு மேல் படிப்பதில்லை. அந்த முதல் வாக்கியத்தை நிதானித்து எழுதுங்கள்.

மெத்தடுக்குத் தரும் மதிப்பை விளக்க '@பாராம் வட்டி - வட்டி விகிதம்' என்று எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு என்ன தெரிந்தது? ஆண்டு வட்டியா, மாத வட்டியா? எட்டு சதவீதத்துக்கு 8 தர வேண்டுமா, 0.08 தர வேண்டுமா? இதைச் சொல்லாத விளக்கம், இல்லாததைவிடக் கெடுதல். அதேபோல @ரிட்டர்னை எழுதுகிறவர்கள் @த்ரோஸை விட்டுவிடுகிறார்கள். எந்த இடத்தில் தவறும் என்பதை முன்கூட்டிச் சொல்வதே நேர்மை.

குறிப்புக்குள் ஹெச்டிஎம்எல் டேக் போடுவது தொல்லை என்றார்கள். 2024இல் வந்த ஜாவா 23 முதல் மார்க்டவுனிலேயே எழுதலாம். அந்தச் சாக்கும் போயிற்று.

ஒரு மெத்தடுக்கு விடைகொடுக்கும்போது @டெப்ரிகேட்டட் என்று மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். இனி எதை அழைக்க வேண்டும், ஏன் மாற்றினீர்கள் என்று அதற்கடியிலேயே எழுதி, புதியதற்கு இணைப்பும் கொடுங்கள்.