வீரன் நடந்த வழி

பண்டைக் காலந்தொட்டு மக்கள் வீரர் கதைகளைக் கேட்டு மகிழ்ந்து வந்துள்ளனர். நாடுகள் பல, மொழிகள் பல, ஆயினும் அக்கதைகளுள் ஓர் ஒற்றுமை உண்டு. அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பெல், 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆயிரம் முகங்கள் கொண்ட வீரன்’ என்னும் நூலில் அதனை விளக்கினார். வீரன் தான் பழகிய உலகை விட்டுப் பிரிகிறான்; அறியாத உலகிற் சோதனைகளை வெல்கிறான்; பெற்ற பேற்றுடன் மீள்கிறான். பிரிவு, சோதனை, மீட்சி என்னும் மூன்றும் வீரர் கதைகளுக்கு அடிப்படை என்பது அவர் கருத்து.

பழங்கதைகளிற் கண்ட இவ்வழி, கணிப்பொறிக் காலத்துப் புதுக்கதைக்கும் பொருந்துமோ? பொருந்தும் என்பதற்கு, 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி மேட்ரிக்ஸ்’ என்னும் அறிவியல் திரைப்படம் சான்றாகும். அதனை எழுதி இயக்கியோர் வச்சோவ்ஸ்கி உடன்பிறப்பினர் இருவர்.

கதைத் தலைவன் நியோ. பகலில் அலுவலகப் பணி. இரவிற் கணிப்பொறியின்முன் விழிப்பு. இதுவே அவன் வாழ்க்கை. ஆனால், அவன் காணும் உலகம் மெய்யன்று. மக்களை அடிமைகொண்ட பொறிகள் அவர்தம் உள்ளத்தில் தோற்றுவித்த கனவே அது. இதனை அறிந்த மார்பியஸ் என்னும் தலைவர் நியோவைத் தேடுகிறார். பகைவர் அலுவலகத்தைச் சூழ்ந்தபோது, தப்பும் வழியைத் தொலைபேசியிற் கூறுகிறார். வானளாவிய கட்டடத்தின் வெளிவிளிம்பில் நடந்து செல்லல் வேண்டும். நியோ அடியெடுத்து வைக்கிறான், கீழே நோக்குகிறான், அஞ்சித் திரும்புகிறான், பிடிபடுகிறான். வீரனாகப் போகின்றவனுக்கு முதலில் வாய்த்தது தோல்வியே!

பின்னர் மார்பியஸ் இரண்டு மாத்திரைகளை நீட்டுகிறார். நீலநிற மாத்திரையை உண்டால் பழைய கனவு தொடரும். சிவப்பை உண்டால் உண்மை புலப்படும். நியோ சிவப்பைத் தெரிந்தெடுக்கிறான். அவ்வுண்மையோ கொடியது. இருண்ட உலகம், சுவையற்ற கூழ், ஓயாத அச்சம். அதே உண்மையை முன்னரே கண்ட சைபர் என்பவன், துன்பம் பொறாது பழைய கனவையே விரும்பித் தோழரைக் காட்டிக் கொடுக்கிறான். உண்மையை அறிந்தோர் எல்லாரும் வீரராவதில்லை என்பதற்கு அவனே சான்று.

வருங்காலம் உணர்ந்த மூதாட்டி ஒருத்தி, மக்கள் எதிர்நோக்கும் மீட்பன் தான் அல்லன் என்று நியோ கருதுமாறு பேசுகிறாள். மார்பியஸின் உயிர், தன் உயிர் இரண்டனுள் ஒன்றையே காக்கக்கூடிய வேளை வரும் என்றும் உரைக்கிறாள். அவ்வேளையும் வருகிறது, மார்பியஸ் பகைவரிடம் சிக்குகிறார். தனக்குத் தனியாற்றல் ஏதும் இல்லை என்று நம்பிய நிலையிலேயே நியோ அவரை மீட்கச் செல்கிறான். வெற்றி உறுதி என அறிந்து செல்வது எளிது. அவ்வுறுதியின்றிப் பிறர்க்காகத் தன்னுயிரைப் பணயம் வைப்பதன்றோ வீரம்!

அவ்வீரமே அவனை மாற்றுகிறது. அவன் சுடப்பட்டு வீழ்கிறான். டிரினிட்டி என்னும் தோழியின் அன்பால் மீண்டும் எழுகிறான். பாய்ந்து வரும் குண்டுகளைக் கையுயர்த்தி நிறுத்துகிறான். கட்டட விளிம்பில் நடுங்கியவன் இறுதியில் வானிற் பறக்கிறான். அப்போதும் அவன் தன் நலத்தை நாடவில்லை. கனவில் மயங்கிக் கிடக்கும் மக்களுக்கு உண்மையைக் காட்டவே மீள்கிறான்.

பிறக்கும்போதே வீரராய்ப் பிறந்தோர் சிலராகலாம். அஞ்சியும் தவறியும் வீழ்ந்தபின், பிறர் துயர் துடைக்க ஓரடி முன்வைப்பவரும் அவ்வழியிற் செல்பவரே. அவ்வழி எவருக்கும் அடைக்கப்பட்டதன்று.