தே ஓ

பத்தாண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “காலை நான்கரை மணிக்கு அம்மா தே ஓ கலக்குவார்” என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். அவள் தாய் தொழிற்சாலைப் பேருந்துக்குப் புறப்படும் நேரம் அது. நான் சிவப்பு மையால் ‘தே ஓ’வை அடித்து, ‘பாலில்லாத் தேநீர்’ என்று திருத்தினேன். பிறமொழிச் சொற்களைக் களைவதே தமிழாசிரியன் கடமையென்று பயிற்சிக் கல்லூரி நாள் முதல் நம்பியவன் நான்.

“ஐயா, எங்கள் வீட்டில் யாரும் இப்படிச் சொல்வதில்லையே” என்றாள் அவள். எழுத்து வேறு, பேச்சு வேறு என்று அடக்கிவிட்டேன்.

பின்னர்தான் அகராதிகளைப் புரட்டினேன். ‘தேய்’ என்னும் வினையினின்று தேயிலை வந்ததென்று ஒருகாலத்தில் நானே வகுப்பில் சொன்னதுண்டு! உண்மை வேறு. சீனத்து ஃபூஜியன் கடற்கரை மக்களின் சொல் ‘தே’. டச்சு வணிகர் அதனைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். மலாய்மொழியும் அதனையே ஏற்றது. காண்டனியர் முதலானோர் வழங்கிய ‘சா’வோ தரைவழியே பாரசீகம் கடந்து இந்தியில் ‘சாய்’ ஆயிற்று. நம் தேநீரின் ‘தே’ ஹொக்கியன் மொழி. நான் அடித்த ‘ஓ’வும் அம்மொழியே. அதன் பொருள் கருமை. ஒன்றுக்கு வீட்டில் இடமளித்து, மற்றொன்றை வாசலில் நிறுத்தியிருந்தேன்.

தேயிலைக்கும் தமிழனுக்கும் உள்ள உறவு சொல்லளவில் நிற்பதன்று. 1867இல் இலங்கையின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழிக்கவே, மலைகள் தேயிலைக்கு மாறின. கொழுந்து கிள்ளியவர் தமிழர். இங்கே கேமரன் மலையில் போ தோட்டம் 1929இல் தொடங்கியது.

பேராக்கில் நாங்களோ பால்மரக் காட்டினர். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தேன். பெரட்டுக்குப் புறப்படுமுன் என் தாயார் தே ஓ கலந்து, பழைய போத்தலில் ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி வாயை அடைப்பார். நிரையில் பாதி மரம் வெட்டியபின் அதுவே அவருக்குப் பசியாறல். டின்பால் விருந்தினர்க்கு மட்டுமே. ஆயினும், ‘பால் இல்லை’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கறுப்பாய் இருந்ததைக் கறுப்பென்றே அழைத்தார். இல்லாமையை அந்தக் குவளைக்குள் ஊற்றியது என் திருத்தம்தான்.

அந்தத் தோட்டம் இன்று செம்பனை. அம்மாணவி இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் எங்கிருக்கிறாள் என்று அறியேன். இப்போது கட்டுரைகளில் அச்சொல் வந்தால், இருபுறமும் மேற்கோள்குறி மட்டும் இடச் சொல்கிறேன்.