குரல்களுக்கும் பிரதி வேண்டும்

இன்றைக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

நம் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்று மூச்சடக்கி இறங்கிய இளவட்டங்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வருகிறோம். நாற்பது மணி நேரம் சேர்ந்திருக்கிறது. மில்லர்புரத்தில் என் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ் போட்டு, அதையே சர்வராக வைத்திருக்கிறோம். படங்களோடு சேர்த்து 60 ஜிபி.

2023 டிசம்பர் மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தெரிந்தவர் ஒருவர் பிள்ளைகளின் படங்களைக் கம்ப்யூட்டரிலும் தனி ஹார்ட் டிஸ்கிலும் வைத்திருந்தார். இரண்டு பிரதிதான். ஆனால் இரண்டும் ஒரே மேசையில். வெள்ளம் இரண்டையும் கொண்டுபோனது. அதனால் எங்கள் பதிவுகளைத் தொடங்கும்போதே மூன்று பிரதி என்று முடிவு செய்தோம். ஒன்று சர்வரில், ஒன்று வீட்டிலேயே வேறு டிஸ்கில், ஒன்று மதுரையில் என் அக்கா மகன் வீட்டில்.

தினமும் 60 ஜிபியை மதுரைக்கு அனுப்ப முடியுமா? தேவையில்லை. முதல் நாள் மட்டும் முழுப் பிரதி. மறுநாளிலிருந்து புதிதாக வந்ததும் மாறியதும் மட்டும் போகும். இதற்கு ஆர்சிங்க் என்று ஒரு நிரல். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெரசும் 1996-ல் வெளியிட்டது, இலவசம். கோப்பின் அளவையும் கடைசியாக மாற்றிய நேரத்தையும் பார்த்து, மாறாததை விட்டுவிடும்.

"அப்படியானால் யாராவது ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடாதா?" என்று அக்கா மகனைக் கேட்டேன். "நல்ல கேள்வி சித்தி" என்றான். அதற்காகத்தான் ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்ட தனி அடைவு. மாறாத கோப்பு எல்லாத் தேதியிலும் தெரியும், ஆனால் டிஸ்கில் ஒரே ஒருமுறைதான் இடம் பிடிக்கும். ஒரு பிள்ளையின் பெயர் பத்து பதிவேட்டில் இருந்தாலும் பிள்ளை ஒருத்திதானே! பழைய தேதியை நீக்கினாலும் மற்றத் தேதிகளுக்குச் சேதமில்லை.

வேலையைத் தினமும் ஞாபகம் வைக்க வேண்டாம். லினக்ஸில் கிரான் என்று ஒரு மணியடிக்கும் ஆள் உண்டு. இரவு 2.30-க்குத் தொடங்கு என்று ஒரு வரி எழுதினால் போதும். மதுரைக் கம்ப்யூட்டர்தான் இங்கே வந்து எடுத்துப்போகும். இங்கிருந்து அங்கே நுழைய வழியே கிடையாது. எனவே இங்கே வைரஸ் புகுந்தாலும் அங்கிருப்பதைத் தொட முடியாது.

இதெல்லாம் செய்தபின் நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற பெரிய நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுகளை அழித்துவிட்டார். தேடிப் பார்த்தால், தினசரி பிரதி எடுக்கும் வேலை ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியால் தப்பினார்கள். பரீட்சை வைக்காமல் பிள்ளை படித்துவிட்டது என்று சொல்ல முடியுமா? மாதத்தின் முதல் ஞாயிறு, பழைய தேதி ஒன்றிலிருந்து ஒரு பதிவை மீட்டெடுத்து, முழுவதும் ஓடவிட்டுக் கேட்கிறோம்.

எங்களிடம் பேசிய பெரியவர் ஒருவர் போன வருஷம் காலமானார். முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் மகள் வந்தார். "டீச்சர், அப்பா குரலை ஒருதடவை கேட்கணும்" என்றார். அந்த வாரம் பார்த்து சர்வர் டிஸ்க் பழுது. மதுரைப் பிரதியிலிருந்து பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தேன். நடுவில் அவர் இருமுவதும், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று மகளிடம் கேட்பதும்கூட அப்படியே இருந்தது.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் குரல் போனில் இருக்கும். அந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். வைத்ததைத் திறந்தும் பாருங்கள்.