சாளைக்கு எந்த மரம்?

தாராபுரம் பக்கம் நான்கு ஏக்கர் தென்னை வைத்திருக்கும் தம்பதி அவர்கள். பிள்ளைகள் திருப்பூரில். பெரியவருக்கு மூட்டுவலி. மதியச் சோற்றுக்கு ஊருக்குள் இருக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியவில்லை. கிணற்று மேட்டில் ஒரு சாளை போட்டால் பகலெல்லாம் அங்கேயே இருந்துகொள்ளலாம். கையில் தேங்காய் விற்ற 40,000 ரூபாய். வைத்தியச் செலவும் அதிலிருந்துதான்.

பெரியவருக்குத் தேக்கு ஆசை. பக்கத்துத் தோட்டத்தில் 12 வயதுத் தேக்கு விலைக்கு வந்தது. கால், விட்டம், கைமரம் எல்லாம் அதிலேயே போட்டுவிடலாம் என்றார்.

"ஏனுங்க, கரையான் பேரு கேட்டுட்டா திங்குது?" என்றார் அந்த அம்மா.

அவர் சொன்னது சரி. தேக்கில் கரையானைத் தாங்குவது நடுவில் இருக்கும் வைரம் மட்டுமே. இளமரத்தில் வைரம் கொஞ்சம், சுற்றியுள்ள வெள்ளைக்கட்டைதான் அதிகம். அது சீக்கிரம் உளுத்துப்போகும். சவுக்குக் கால் மலிவுதான், ஆனால் நேராக மண்ணில் நட்டால் சில மழைக்குள் அடி போய்விடும். எந்த மரமானாலும் மண்ணும் காற்றும் சேரும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான் முதலில் மக்கும். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைப்பது அங்கேதான்.

அதனால் காலுக்கு மரமே வேண்டாம் என்று முடிவானது. பழைய வேலிக் கல்லுக்கால் ஆறு தோட்டத்திலேயே கிடந்தது. அதன்மேல் வேப்ப விட்டம். அறுத்த வேம்பை உடனே ஏற்றாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி நிழலில் உலர்த்தினார்கள். பச்சையாக ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும்.

கைமரத்துக்குக் காற்றில் விழுந்த பனை. வயதான பனையில் வெளிப்பக்கம் கருத்து இரும்பு போல இருக்கும், உள்ளே வெறும் சோறு. வெளிப்பலகையை மட்டும் எடுக்க வேண்டும். நிற்கும் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது. விழுந்த மரமானாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு அறுப்பது நல்லது.

கூரைக்குச் சொந்தத் தென்னங்கீற்று. சரிவாகப் போட்டதால் தண்ணீர் நிற்பதில்லை. கல்லின் மேலும் கரையான் மண்பூச்சுக் கட்டி ஏறும். மாதம் ஒருமுறை பார்த்துத் தட்டிவிட்டால் போதும். (தென்னைக்கு நேர் அடியில் சாளை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தேங்காய் எங்கே விழும் என்று யோசிப்பதில்லை.)

கொத்தனார், ஆசாரி கூலி போக பாதிப் பணத்துக்கு மேல் மிஞ்சியது. கதவாவது தேக்கில் செய்யலாமே என்று பெரியவர் கேட்டார். காத்து வர்றதுக்குத்தானே சாளை, கதவு எதுக்குங்க என்று அந்த அம்மா கேட்டுவிட்டார்.