பல் டாக்டர் என்ன பரிசு கொடுக்கலாம்?

நம்ம ஊரில் கடைக்காரர்கள் பெயர் போட்டுப் பரிசு கொடுப்பது ஒன்றும் புதுசு இல்லை. ஜவுளிக்கடையில் மஞ்சப்பை, நகைக்கடையில் சின்னதாய் ஒரு பர்ஸ், உரக்கடையில் சிவகாசி காலண்டர். எதைக் கொடுத்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: மறுபடி வாங்க. இதையே ஒரு பல் டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? சாபம் மாதிரி இருக்காது?

வேளாங்கண்ணியில் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் பல் கிளினிக் வைத்திருக்கிறார். ஒரே ஒரு நாற்காலி, தலைக்கு மேல் பேங்க் லோன். வருகிறவர்களில் பலர், இரண்டு ராத்திரி தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகுதான் வருவார்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனால், அடுத்த பல் வலிக்கும்வரை ஆளைப் பார்க்க முடியாது. "தம்பி, நீ பி.காம் தானே? வர்றவங்களுக்கு ஏதாவது கொடுக்கலாம்னு இருக்கேன். பன்னிரண்டாயிரத்துக்குள்ள பார்த்துச் சொல்லு" என்றார். 300 பேர் என்று வைத்தால் தலைக்கு 40 ரூபாய். படித்த படிப்புக்கு வந்த முதல் வேலை :-)

முதலில் யோசித்தது டீ கப். ஆனால் பல் டாக்டர் பெயர் போட்ட கப்பில் மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடிப்பதை நினைத்துப் பாருங்கள். கேன்சல். பேனா யார் பையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. காலண்டர் என்றால் சுவரில் ஆணி ஒன்று, வருகிற காலண்டர் ஐந்து. சித்தப்பா ஒருவர் வெற்றிலைப் பெட்டி கொடுக்கச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்து ரத்தம், சீவல் இல்லாமல் யோசிக்க வராது. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. டாக்டர் அதற்குப் பெட்டி செய்து கொடுப்பதா!

மஞ்சப்பை கடைசிவரை போட்டியில் இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. மீன் மார்க்கெட், ரேஷன் கடை என்று ஊரெல்லாம் சுற்றும் விளம்பரம். ஆனால் அந்தப் பையால் பல்லுக்கு என்ன லாபம்?

இன்னொருவர், "ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை லட்சக்கணக்கில் ஜனம் வருது, ரோட்டில் நின்று கொடு" என்றார். அக்கா உடனே மறுத்துவிட்டார். விளம்பரம் செய்து நோயாளியை இழுப்பது தவறு என்கின்றன, இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2014ல் வெளியிட்ட ஒழுக்க விதிகள். வணிகக் கணக்குப்படியும் அது வீண். நடந்து வரும் யாத்திரைக்காரர் பல் பிடுங்க மறுபடி வேளாங்கண்ணிக்கா வரப் போகிறார்? ஆகவே வாசலில் 'இலவசம்' போர்டு கிடையாது. சிகிச்சை முடிந்தவர் கையில் மட்டும் கொடுப்பது என்று முடிவானது.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடத்துக்குத்தான் நானும் வந்தேன்: பிரஷ். ஒரு வரிக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு. அதனால் வாங்கும் பொருளுக்குக் கட்டும் வரியை கிளினிக் திரும்ப எடுக்க முடியாது. பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு வேறு யாருக்கும்கூட அந்த வரவு கிடையாது. வரி முழுக்க நம் செலவு. நல்லவேளை, 2025 செப்டம்பர் 22 முதல் பிரஷ்ஷுக்கான வரி 18லிருந்து 5 சதவீதமாகிவிட்டது.

சரி, பிரஷ்தான் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே? இங்கேதான் எங்கள் தெருவைக் கவனித்தேன். காலையில் பல் தேய்ப்பதில் நம்மை அடிக்க ஆள் இல்லை. வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்டு, தண்ணீர் லாரியை விசாரித்து, பத்து நிமிஷம் ஓடிவிடும். ராத்திரி? சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராகப் பாய்தான். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறையும், பல்லில் ஒட்டிய சோறும் இனிப்பும் விடிய விடிய வேலை பார்க்கும் என்றார் அக்கா. குறை இருப்பது ராத்திரியில்.

அதனால் ஆளுக்கு இரண்டு பிரஷ். இரண்டும் மென்மையான ரகம் (அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்பது நம்ம ஊர் நம்பிக்கை, ஈறோரம் பல் தேய்வதுதான் மிச்சம்). ஒன்றில் காலை, இன்னொன்றில் இரவு. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகப் படமும் உண்டு. காலைக்குச் சூரியன் போடலாம் என்றேன். "வேணாம் தம்பி, எந்தக் கட்சின்னு கேப்பாங்க" என்றார் அக்கா. எனவே காலைக்குச் சேவல், ராத்திரிக்கு நிலா. கைப்பிடியில் பெயர் அச்சடிக்க மொத்தமாக நிறைய எடுக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் தண்ணீரில் உரியாத ஸ்டிக்கர் அடித்துக்கொண்டோம். கிளினிக் பெயர் கீழே, சின்னதாக. உறையில் மூன்று மாதம் கழித்து வரும் தேதியை, பிரஷ் மாற்றுவதற்காக, அக்கா கையாலேயே எழுதித் தருகிறார். அடுத்த முறை வரும்போது இரண்டையும் கொண்டுவரச் சொல்கிறார். நிலா பிரஷ் புத்தம் புதுசாக இருந்தால் திட்டு நிச்சயம்!

பரிசு ஜெயித்ததா என்று பார்க்க, திரும்பி வந்த வாடிக்கையாளரை எண்ணு என்கிறது எங்கள் மார்க்கெட்டிங் பாடம். இந்தப் பரிசு ஜெயித்தால் வலியோடு வருகிறவர்கள் குறைவார்கள். "லோன் இருக்கும்போது இது நஷ்டம் இல்லையாக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"பல்லு இருந்தாதானே தம்பி பல் டாக்டருக்குப் பொழப்பு? பிடுங்கினவங்க ஒரு தடவைதான் வருவாங்க. பல்லைக் காப்பாத்தணும்னு நினைக்கிறவங்க வருஷா வருஷம் சுத்தம் பண்ணிக்க வருவாங்க."

இதற்கு மேல் ஒரு மார்க்கெட்டிங் பாடம் எனக்குத் தெரியாது. கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே திசையில் நன்மை இருந்தால் அது பரிசு. இல்லையென்றால் அது வெறும் விளம்பரப் பலகை, நம் கையில் கொடுத்துச் சுமக்க வைக்கிறார்கள்.

அது இருக்கட்டும். நேற்று ராத்திரி உங்க பிரஷ் நனைந்ததா?